தறி வீட்டுத் தீபாவளி: மத்தாப்புக்கு முன்னால் விளக்குமாறு!

தீபாவளி நெருங்க நெருங்க பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் கூடிக்கொண்டே போகும். ஆர்டர் முடிய வேண்டும், போனஸ் கைக்கு வர வேண்டும். கடைசியில் தறி நின்று தெரு அமைதியானால்தான் பண்டிகை வந்துவிட்டதென்று அர்த்தம். காவிரிப் பாலம் தாண்டி ஈரோட்டில் எடுத்து வந்த புதுத்துணி ஒரு பக்கம், பட்டாசுப் பை இன்னொரு பக்கம். பிள்ளைகளுக்குத் தூக்கம் வருமா?

இந்த ஊரில் பல வீடுகளுக்கு இன்னொரு விஷயமும் உண்டு. வாசலை ஒட்டியே தறிப்பட்டறை. உள்ளே நூல், பாவு, மடித்து வைத்த துணி. சுவரிலும் ஓட்டிலும் ஒட்டடை போலத் தொங்கும் பஞ்சுத் தூசி. தறி ஓடாத அந்த ஒரு நாளில்தான் அதன் பக்கத்தில் நெருப்பு விளையாடுகிறது.

மூன்று வாரத்தில் சேரும் பஞ்சு

‘ஆயுத பூஜைக்குத்தானே பட்டறையைக் கழுவினோம்?’ என்று தோன்றலாம். ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் நடுவே ஏறக்குறைய 20 நாள் இருக்கிறது. தறிகள் முழு மூச்சாக ஓடும் நாட்கள் அவை. துடைத்த இடத்தில் எல்லாம் பஞ்சு மறுபடி படிந்திருக்கும்.

கட்டிப் பஞ்சைவிட இந்த மெல்லிய தூசிதான் ஆபத்து. நூலிழையைச் சுற்றிலும் காற்று இருப்பதால் ஒரு பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். சுவரில் படிந்திருந்தால் கண் மூடித் திறப்பதற்குள் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு ஓடிவிடும். கம்பி மத்தாப்பின் நுனியில் இருக்கும் வெப்பம் சுமார் 1000 டிகிரி செல்சியஸ். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரிதான்!

அதனால் தறி நின்றதும் முதல் வேலை இதுதான். மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு மோட்டார், ஸ்விட்ச் போர்டு, டியூப்லைட் பட்டி, ஓட்டுச் சந்து என மேலிருந்து கீழாகப் பஞ்சைத் தட்டி எடுங்கள். கழிவு மூட்டைகளை வாசலில் வைக்காதீர்கள். ராக்கெட் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலம் பட்டறையின் ஜன்னல், ஷட்டர் இரண்டையும் மூடிவிடுங்கள்.

சீரியல் லைட் போடும்போது

ஐப்பசி மழை நேரம் இது. தகர ஷீட்டிலும் இரும்பு கேட்டிலும் சீரியல் லைட்டைச் சுற்றாதீர்கள். ஒயரில் சின்ன வெட்டு இருந்தாலும் கேட் முழுவதும் மின்சாரம் ஏறும். ஒட்டுப்போட்ட ஒயரை வாசலுக்குக் கொண்டுவர வேண்டாம். தறி மோட்டார் லைனிலிருந்து ‘சும்மா ஒரு நாளைக்கு’ என்று இழுக்கவும் வேண்டாம். மின்கசிவு ஏற்பட்டால் தானே அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருந்தால் உயிர் தப்பும். தூங்கப்போகும் முன் லைட்டை அணைத்துவிடுங்கள்.

அகல் விளக்கைத் திரைச்சீலை, துணி அடுக்கு, பட்டறை வாசல்படி ஆகியவற்றுக்குத் தள்ளி வையுங்கள்.

பட்டாசு நேரம்

2018-ல் உச்ச நீதிமன்றம் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டுமே அனுமதித்தது. அதன்படி தமிழக அரசு வகுத்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. சரவெடிக்கும் அந்தத் தீர்ப்பு தடை விதித்தது. குறுகிய நேரம் என்பதில் ஒரு நன்மை இருக்கிறது. அந்த ஒரு மணி நேரமும் பெரியவர் ஒருவர் பிள்ளைகள் பக்கத்திலேயே நிற்கலாம்.

* பருத்தி உடை, காலில் செருப்பு. பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.
* நீளமான ஊதுபத்தியால், கையை நீட்டிக் கொளுத்துங்கள். புஸ்வாணத்தின் மேல் குனியக் கூடாது.
* வெடிக்காததை மறுபடி தொடாதீர்கள். கொஞ்ச நேரம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள்.
* எரிந்த மத்தாப்புக் கம்பியை உடனே மணல் வாளியில் போடுங்கள். தெருவில் எறிந்தால் யாருடைய பாதத்திலாவது ஏறும்.
* வாசலில் ஓர் அண்டா தண்ணீர், பட்டறை வாசலில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.

ஏதாவது நடந்துவிட்டால்

தீக்காயத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, மஞ்சள், இங்க் எதுவும் வேண்டாம். வளையல், மோதிரத்தை வீங்குவதற்குள் கழற்றிவிடுங்கள். ஒட்டிய துணியைப் பிய்க்காதீர்கள். கண்ணில் பட்டால் தேய்க்காமல் நேராக மருத்துவரிடம் போங்கள். உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. தரையில் படுத்து உருள வேண்டும்.

பட்டறையில் புகை தெரிந்தால் முதலில் மெயினை அணையுங்கள். அதன் பிறகே தண்ணீர். துணிக்கட்டில் பிடித்த தீ வெளியே அணைந்தாலும் உள்ளே கனன்றுகொண்டிருக்கும். பிரித்து நனைக்காவிட்டால் நடுராத்திரியில் மறுபடி எரியும். தீ பெரிதானால் ஆட்கள் வெளியேறுவதுதான் முதல் வேலை. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108.

ஒரு தறிப்பட்டறை என்பது ஒரு குடும்பத்தின் சோறு. தீபாவளிக்கு முந்தின நாள் அரை நாள் ஒதுக்கி விளக்குமாறு பிடித்துவிட்டால், மறுநாள் விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுக் கவலையில்லாமல் மத்தாப்பு பிடிக்கலாம். விடுமுறை முடிந்ததும் பட்டறைக் கதவைத் திறந்து, அதே தறியை மறுபடி ஓட்டலாம்.