களர் மண்ணிலும் உயிர் உண்டு



"களர் நிலம் செத்த நிலம், அதிலே ஒண்ணும் வாழாது" என்று சொல்வதுண்டு. வெயிலில் மண் கல்லாக இறுகும். மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் சேறாக நிற்கும். பயிர் வெளிறிப் போகும். ஆனால் அந்த மண்ணிலும் கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாக்கள் பிழைக்கின்றன. எப்படிப் பிழைக்கின்றன, அதனால் நமக்கென்ன என்பதை இன்று பார்ப்போம்.

மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலை என்று ஒரு எண் இருக்கும். 7 என்றால் நடுநிலை. 8.5-க்கு மேல் போய், மண்ணில் சோடியமும் மிகுந்திருந்தால் அது களர். சில பாக்டீரியாக்களோ 9, 10 என்ற அளவில்தான் செழித்து வளரும். இவற்றைக் காரவிரும்பிகள் என்பார்கள். மகாராஷ்டிரத்தில் விண்கல் விழுந்து உண்டான லோனார் ஏரியின் காரத் தண்ணீரில் இவை இருக்கின்றன. ஜப்பான் விஞ்ஞானி கோகி ஹோரிகோஷி 1968 முதல் இவற்றைத் தேடியபோது, சாதாரணத் தோட்டத்து மண்ணிலும் கிடைத்தன.

சோற்றை நன்றாக மென்று பாருங்கள், இனிக்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதிதான் காரணம். மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகளைக் கோத்த மாலை மாதிரி. நொதி அந்த மாலையை அறுக்கிறது. பாக்டீரியாவால் மாலையை முழுசாக விழுங்க முடியாது. ஆகவே நொதியை வெளியே விட்டு, அறுபட்ட துண்டுகளை உள்ளே எடுத்துக்கொள்கிறது.

காரவிரும்பி தன் உடம்புக்குள் காரத்தை மட்டுப்படுத்தி வைத்துக்கொள்ளும். வெளியே போகும் நொதிக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. காரத்தில் நின்றேதான் வேலை செய்யணும். நம் எச்சில் நொதிக்கு ஏற்ற அளவு 7-ஐ ஒட்டியது. ஹோரிகோஷி 1971-ல் அறிவித்த அமைலேஸ் 10-ஐ ஒட்டிய அளவில் மும்முரமாக வேலை செய்தது.

சலவைத் தண்ணீரும் காரம்தானே! துணியில் பட்ட குழம்பு, கஞ்சிக் கறையைப் போக்க, காரம் தாங்கும் அமைலேஸைச் சலவைத்தூளில் சேர்க்கிறார்கள். பாவு நூலுக்கு ஏற்றிய கஞ்சியைச் சாயம் போடுமுன் நீக்கவும் அமைலேஸ் உதவுகிறது.

"அப்படியானால் இந்தப் பாக்டீரியாவை வாங்கிப் போட்டால் என் களர் திருந்துமா?" என்று கேட்பீர்கள். அதனால் மட்டும் திருந்தாது. அமைலேஸ் மாவுச்சத்தைத்தான் அறுக்கும். மண்ணில் ஒட்டிய சோடியத்தை அசைக்காது. சோடியத்தை விரட்ட ஜிப்சத்தில் உள்ள கால்சியம் வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். முதலில் மண்ணைப் பரிசோதித்து, ஜிப்சம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள். வயலைச் சமப்படுத்தி, வரப்பை உயர்த்தி, ஜிப்சத்தைச் சீராகத் தூவி உழுங்கள். நல்ல தண்ணீரைத் தேக்கி, பிறகு வடித்துவிடுங்கள். வடிகால் இல்லையென்றால் சோடியம் வயலிலேயே தங்கிவிடும், செலவு வீண். அதன்பின் தக்கைப்பூண்டுத் தழையை ஏக்கருக்கு 2.5 டன் மடக்கி உழுங்கள்.

அந்தத் தழையை மக்க வைப்பது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தாம். மக்கும்போது உண்டாகும் கரியமில வாயுவும் அமிலங்களும் காரத்தைக் குறைக்க உதவும். அவற்றுக்குத் தழையைத் தீனியாகப் போடுங்கள். கூடவே ஜிப்சத்தையும் வடிகாலையும் மறந்துவிடாதீர்கள்.