கொடுத்தவருக்கும் ஒரு கொப்பி

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள், வசதியற்ற மாணவருக்காக 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடங்கினார். ஒருமுறை வசூலித்து முடிக்கும் காரியமல்ல அது. ஆண்டுதோறும் மாணவர் வருவர், கொடுப்பவரும் வரவேண்டும்.

அவர் பிறந்த ஊரின் பள்ளிவாசல்களுக்கும் ஒஸ்மானியாக் கல்லூரிக்கும் கொடுக்கக்கூடியவர்கள் இன்று ஓரிடத்தில் இல்லை. 1990 ஒக்டோபர் 30இல் வெளியேற்றப்பட்டு புத்தளம், நீர்கொழும்பு, கொழும்பு, வெளிநாடு எனச் சிதறிவிட்டார்கள். முன்புபோல ஜும்ஆ முடிந்ததும் வாசலில் நின்று வசூலித்தால் போதாது.

கடன் கொப்பியில் பத்து ரூபாய் பாக்கியையும் நாம் விடுவதில்லை. பத்தாயிரம் நன்கொடை தந்தவரோ அடுத்த ரமழானில்தான் நினைவுக்கு வருகிறார், அதுவும் மறுபடி கேட்பதற்கு!

நிர்வாகத்தில் இருக்கும் வியாபாரிகளே, அவருக்கும் ஒரு கொப்பி போடுங்கள். பற்றுச்சீட்டு அன்றே போகட்டும். ஸகாத்தைப் பெற உரியோர் எட்டு வகையினர் மட்டுமே. அந்தப் பணத்தைக் கட்டட நிதியோடு கலக்காதீர்கள். கூரைக்குத் தந்தது கூரைக்கே. வேலை பாதியில் நின்றால் அதையும் எழுதி அனுப்புங்கள். புத்தளத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் அனுப்புபவர், இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டையும் கடையையும் விட்டு வந்தவராக இருக்கலாம். அவருக்கும் அந்தக் கடிதம் போகவேண்டும்.