வரும் பத்தாண்டில் நெல்லும் தோட்டமும்

பெரியகல்லாற்றுப் பகுதிக் கமக்காரருக்கு

மழை எந்நாளில் விழும் என்று எவராலும் நாள் குறித்துச் சொல்ல இயலாது. எனினும், பெரும்போகத்துக்கு நிலத்தை எப்போது பண்படுத்த வேண்டும் என்பதைக் கமக்காரர் நன்கறிவர். வருங்காலத்தைக் கணிப்பதும் இத்தகையதே. நிகழப்போவதை முழுமையாகக் கூறுதல் சோதிடம்; இப்போதே தொடங்கிவிட்ட மாற்றங்களைக் கண்டு அதற்கேற்ப ஆயத்தமாதல் வேளாண்மை.

கடந்த காலம் ஒரு பாடத்தைப் புகட்டுகின்றது. 1958ஆம் ஆண்டில் பத்தலகொடை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச். 4 என்னும் நெல்லினம் வெளிவந்தது. அதனாலும் அதன்பின் வந்த பி.ஜி. இனங்களாலும் விளைச்சல் பெருகியது. கூடவே பசளையின் தேவையும் பெருகியது. சூடு வைத்து எருமை கொண்டு மிதித்த வேலையை இன்று அறுவடை இயந்திரம் சில மணி நேரத்தில் முடிக்கின்றது. கூடவே வாடகைச் செலவும் வந்தது. ஒவ்வொரு புதுமையும் ஒரு சுமையைக் குறைத்து, ஒரு தேவையைக் கூட்டுகின்றது. அத்தேவைக்கு முன்கூட்டி வழி செய்தவரிடம் நிலம் தங்கும். செய்யாதவர் காலப்போக்கில் தம் வயலைப் பிறருக்குக் குத்தகைக்கு விட நேரும்.

1. ஆட்குறைவும் இயந்திரமும்

இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளோர் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நூற்றுக்கு 7.9 பேர், 2024ஆம் ஆண்டில் 12.6 பேர். இளைஞர் பலர் உத்தியோகத்துக்கும் வெளிநாட்டுக்கும் செல்கின்றனர். ஆதலின் வயலில் இறங்கும் கைகள் இன்னும் குறையும் என்பதில் ஐயமில்லை.

இயந்திரங்கள் தாமாகவே வரும். அவற்றுக்கேற்ற வயல் தானாக வாராது. சிறு வரவைகளிலும் மேடுபள்ளமான நிலத்திலும் இயந்திரம் திரும்புவதிலேயே நேரம் வீணாகும். ஒரு வட்டையிலுள்ள அனைவரும் ஒரே வயதுள்ள இனத்தை ஒரே கிழமையில் விதைப்பின், இயந்திரத்தை வட்டை முழுவதற்கும் சேர்த்துப் பேசலாம். தனியாள் கேட்கும் வாடகைக்கும் ஐம்பது பேர் கூடிக் கேட்கும் வாடகைக்கும் வேறுபாடு உண்டு.

இரு எச்சரிக்கைகள். பன்றி நெல்லின் விதை அறுவடை இயந்திரத்தோடு ஒட்டி வயலுக்கு வயல் பரவுகின்றது. துப்புரவு செய்யாத இயந்திரத்தை வயலில் இறக்கலாகாது. அடுத்து, இயந்திரம் அறுத்த நெல் ஈரமானது. அதை அன்றே களத்தில் விற்பவர் வாங்குவோர் சொல்லும் விலைக்கு உடன்பட வேண்டியவராவர். நூற்றுக்கு 14 பங்கு ஈரத்துக்கு மேற்படாமல் உலர்த்தி வைக்கும் தளமும் களஞ்சியமும் ஊருக்கு ஒன்றேனும் அவசியம்.

ட்ரோன் எனப்படும் ஆளில்லாச் சிறு வானூர்தியால் மருந்து தெளிப்பதும் பரவும். அதனை அனுமதி பெற்றவரே இயக்குதல் வேண்டும். காற்று வீசும் வேளையில் தெளித்த களைநாசினி அயலாரின் கத்தரித் தோட்டத்திலும் வாவி நீரிலும் படியும்.

2. உவரும் வெள்ளமும்

உலகக் கடல்மட்டம் 1901 முதல் 2018 வரை சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. 2006க்குப் பின் ஆண்டுக்கு 3.7 மில்லிமீற்றர் வீதம் உயர்ந்து வந்தது. அவ்வேகம் மிகாதிருப்பினும், பத்தாண்டில் ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் ஆகும். இது சிறு அளவாகத் தோன்றலாம். ஆயின் வாவியோரத்துத் தாழ்நிலத்துக்கு அது சிறிதன்று.

மட்டக்களப்பு வாவி கடலோடு கூடும் இரு வாய்களுள் ஒன்று பெரியகல்லாற்றில் உள்ளது. வெள்ளக் காலத்தில் வாய் திறந்தால் படுவான்கரை வயல்களின் நீர் வடியும். வாய் திறந்தே கிடப்பின் உவர்நீர் உட்புகும். மீன்பிடிப்போரின் வருவாயும் அதனைப் பொறுத்தது. ஆதலின் எப்போது, எந்த நீர்மட்டத்தில் வாயை வெட்டுவது என்பதைக் கமக்காரரும் மீனவரும் அதிகாரிகளும் மாரிக்கு முன்னரே கூடி முடிவு செய்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் கூடும் கூட்டத்தில் சச்சரவே மிஞ்சும். உவர் ஏறிய வயல்களுக்கு ஏ.ரி. 354 போன்ற உவர் தாங்கும் இனங்கள் உண்டு.

3. தோட்டக் கிணறு

எழுவான்கரை மணலில் நன்னீர், உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நிற்கும் நன்னீர் ஓரடி குறையுமாயின், கீழிருக்கும் உவர்நீர் நாற்பதடி வரை மேலெழக்கூடும் என்பது விதி. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின் பின் கிணறுகளைத் துப்புரவு செய்யவென அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் உவர் கூடியதே இதற்குச் சான்று. சூரிய ஒளியால் இயங்கும் நீரிறைக்கும் இயந்திரத்துக்கு எரிபொருட் செலவு இல்லை. ஆகவே நிறுத்தாமல் இறைக்கும் ஆசை எழும். அதனோடு சொட்டுநீர்க் குழாயையும் சேர்த்தே பொருத்துக.

4. பசளை

2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அடுத்து வந்த பெரும்போகத்தில் விளைச்சல் வீழ்ந்ததை எவரும் மறந்திரார். பசளை முற்றிலும் வேண்டாமென்பது இதன் பாடமன்று; முழுவதும் கப்பலை நம்பியிருத்தல் ஆபத்து என்பதே பாடம். நெற்பயிர் உறிஞ்சும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகின்றது. அதை எரிப்பவர் நிலத்தின் சொத்தையே எரிக்கின்றார்.

5. கைத்தொலைபேசி

இலையின் படத்தைக் காட்டினால் நோயின் பெயரைக் கூறும் செயலிகள் வந்துவிட்டன. அவை இன்னும் திருந்தும். எனினும் கருவி படத்தை மட்டுமே காண்கின்றது. உங்கள் மண்ணையும் நேற்றைய மழையையும் காண்பதில்லை. ஆதலின் அது சொன்னவுடன் மருந்து வாங்காது, போதனாசிரியரிடமோ திணைக்களத்தின் 1920 என்னும் தொலைபேசி இலக்கத்திலோ கேட்டுத் தெளிக.

இப்போகத்திலேயே செய்யத்தக்கவை

(1) வயலை மட்டப்படுத்துக. அயலாருடன் பேசித் தேவையற்ற இடைவரம்புகளை நீக்குக.
(2) விதைப்பு நாளையும் இனத்தையும் கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் ஒருங்கே முடிவு செய்க.
(3) வைக்கோலை எரியாது வயலிலேயே பரப்பி மட்கவிடுக.
(4) கிணற்று நீரின் உவரை ஆண்டில் இருமுறை பரிசோதிப்பிக்க.
(5) வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதி வைக்க. இயந்திரம் வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதை அதுவே கூறும்.
(6) வீட்டிலுள்ள இளையோரிடம் அக்கணக்கைக் காட்டுக. இலாபம் தெரியாத தொழிலில் எவரும் நிலைத்திரார்.

மேற்கூறியவற்றுள் தனியொருவர் செய்யத்தக்கவை சில. ஊர் கூடினாலன்றி ஆகாதவை பல. கூடும் பழக்கத்தை இப்போகத்திலேயே தொடங்குதல் நன்று.