எண்ணூர்க் கழியும் நெய்தல் வாழ்வும்

கொசத்தலையாறு கடலொடு கலக்குமிடம் எண்ணூர்க் கழிமுகமாகும். நெய்தற்குரியனவாக உரையாசிரியர் கூறும் மீன்பிடித்தலும் உப்பு விளைத்தலும் இங்கு நெடுங்காலம் ஒருங்கே நிகழ்ந்தன. இரண்டிற்கும் அடிப்படை ஒன்றே: ஓதநீர் தடையின்றிக் கழியுட் புகுந்து மீளுதல். அதனால் இறாலும் நண்டும் பெருகும். உப்புப் பாத்திகளுக்கு உவர்நீர் கிடைக்கும்.

1856இல் இராயபுரத்தில் புகைவண்டி நிலையம் தோன்றியது. பின்னர்த் தொழிற்சாலைகள் திருவொற்றியூர் கடந்து எண்ணூர்வரை பரவின. அங்கு 1970இல் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, 2017இல் மூடப்பட்டது. 2001இல் துறைமுகம் திறக்கப்பட்டது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழியின் ஆழம் குறைந்தது. 2023 திசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் கலந்தமையால் மீனவர் வலையும் படகும் கெட்டன.

ஆகவே, நெய்தலின் முதற்பொருளாகிய நிலம் மணற்பரப்பு மட்டுமன்று, இயங்கும் நீருமாம். அவ்வியக்கம் தடைப்படின் கருப்பொருளும் நிலைபெறாது. அதனைச் சார்ந்த மக்கள் வாழ்வும் நிலைபெறாது.