16 வயதின் பதற்றத்தை அளக்க முடியுமா?

புது தில்லி: மாநிலங்களவையில் 2015 டிசம்பர் 22-ஆம் தேதி சிறார் நீதி மசோதா விவாதத்துக்கு வந்தபோது, அவையில் கோபமே மேலோங்கியிருந்தது. 2012 தில்லி பாலியல் கொடுமை வழக்கின் இளங்குற்றவாளி இரு நாள்களுக்கு முன்புதான் விடுவிக்கப்பட்டிருந்தார். பலியான பெண்ணின் பெற்றோர் பார்வையாளர் மாடத்தில் அமர்ந்திருந்தனர். தேர்வுக் குழுவுக்கு அனுப்பும் கோரிக்கை ஏற்கப்படாததால் மார்க்சிஸ்ட் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். மசோதா அன்றே நிறைவேறியது. அதே ஆண்டு பிப்ரவரியில் நாடாளுமன்ற நிலைக்குழு இதை எதிர்த்து அளித்த அறிக்கை எடுபடவில்லை.

அவசரத்தில் பிறந்த சட்டம் என்பதாலேயே அது தவறாகிவிடாது. சிக்கல் அதன் 15-ஆவது பிரிவில் இருக்கிறது. 16 வயது நிறைந்த சிறார் கொடுங்குற்றத்தில் சிக்கினால், சிறார் நீதி வாரியம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். குற்றம் புரியும் மன, உடல் திறன், விளைவை உணரும் ஆற்றல், குற்றம் நடந்த சூழ்நிலை ஆகியவற்றை ஆராய்ந்து, வயது வந்தவராகக் கருதி விசாரிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டும். இதற்குக் கால வரம்பு மூன்று மாதம்.

விளைவை அறிந்திருப்பது வேறு; அந்தக் கணத்தில் கையைத் தடுத்து நிறுத்துவது வேறு. உணர்ச்சிகளை எழுப்பும் மூளைப் பகுதிகள் பதின்ம வயதிலேயே விழித்துக்கொள்கின்றன. அவற்றுக்குக் கடிவாளமிடும் முன்மூளை முழு முதிர்ச்சி பெறுவதோ 20 வயதைக் கடந்த பின்னர்தான். பதற்றம் மிகுந்த பிள்ளைகள் ஒதுங்கி நிற்பார்கள் என்பது பொதுவான எண்ணம். பெரும்பாலோர் அப்படித்தான், எவருக்கும் தீங்கு செய்யாதவர்கள். ஆயினும் தாங்க இயலாத அச்சத்திலிருந்து தப்பினால் போதும் என்று பின்விளைவு பாராது செயலில் இறங்குவோரும் உண்டு. அமைதியான அறையில் அமர்த்திக் கேட்டால், அதே சிறுவன் சரியான விடையைச் சொல்லிவிடுவான். வாரியம் காண்பது அந்தச் சிறுவனைத்தான்.

தலைநகரை அடுத்த குர்கானில் 2017-இல் நடந்த பள்ளிச் சிறுவன் கொலை வழக்கு இதற்கு உதாரணம். தேர்வைத் தள்ளிப்போடச் செய்வதற்காகவே பிளஸ் 1 மாணவர் ஒருவர் அக்கொலையைச் செய்ததாக சிபிஐ கூறியது. அது குற்றச்சாட்டே, தீர்ப்பன்று. அந்த மாணவரை மதிப்பிட்ட முறை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2022 ஜூலை 13-ஆம் தேதி நீதிபதிகள் தினேஷ் மகேஸ்வரி, விக்ரம் நாத் அமர்வு, இது நுட்பமான பணி என்று கூறியது. குழந்தை உளவியலோ மனநல மருத்துவமோ பயின்ற உறுப்பினர் வாரியத்தில் இல்லையெனில், அனுபவமுள்ள உளவியலாளரின் உதவியைப் பெறுவது கட்டாயம் என்றும் தீர்ப்பளித்தது. "பெறலாம்" என்று சட்டம் விட்டுவைத்த இடத்தை நீதிமன்றம் "பெற வேண்டும்" என்று படித்தது. 2023-இல் தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

வாரியத்தில் இருப்போர் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரு சமூகப் பணியாளர்களும். இனி ஒவ்வொரு மாவட்டமும் நிபுணரைத் தேட வேண்டும். நாட்டில் லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவரே உள்ளதாக நாடாளுமன்ற சுகாதார நிலைக்குழு 2023-இல் சுட்டிக்காட்டியது. மூன்று மாத வரம்பு மட்டும் சட்டத்தில் அப்படியே நிற்கிறது.