ஒரு பால், நான்கு சூடு

கறந்த பால் வீட்டுக்கு வரும்போது மாட்டின் உடல்சூடு அதில் இன்னும் மிச்சமிருக்கும். அது ஏறத்தாழ 38.5 டிகிரி செல்சியஸ். கிருமிகளுக்கு இதமான சூடும் அதுதான். மடியிலிருந்தோ கறந்தவர் கையிலிருந்தோ பாத்திரத்திலிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்தவை அதில் மளமளவென்று பெருகும். அதனால் வீட்டில் பாலை வைத்து எது செய்வதானாலும் சூட்டை மாற்றுவதுதான் முதல் வேலை. தயிர், வெண்ணெய், நெய் என்று அடுத்தடுத்து நடப்பதும் அதே வேலையின் தொடர்ச்சியே.

முதலாவது கொதிசூடு. மாடு பார்வைக்குத் திடமாக இருந்தாலும் காய்ச்சாத பாலில் புருசெல்லோசிஸ், மாட்டுக் காசநோய் போன்றவற்றின் கிருமிகள் இருக்கக்கூடும். பால் ஆலைகளில் 72 டிகிரியில் 15 விநாடி வைத்து இவற்றை ஒழிக்கிறார்கள். வீட்டில் வெப்பமானி கிடையாது. பால் பொங்கி வருவதே அடையாளம். பச்சைப் பாலிலேயே உறை ஊற்றினால் புளிப்பு பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. புளிப்பைத் தாங்கிப் பிழைக்கும் கிருமிகளும் உண்டு.

காய்ச்சுவதில் இன்னொரு ஆதாயமும் இருக்கிறது. பாலில் கேசின் என்ற புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. நீரில் கரைந்த வேறு புரதங்களும் அதில் உண்டு. சூடு 70 டிகிரியைத் தாண்டும்போது இவை மடிப்பு அவிழ்ந்து கேசின் உருண்டைகளில் ஒட்டிக்கொள்கின்றன. நன்கு காய்ச்சிய பாலில் தயிர் கெட்டியாக உறைவது இதனால்தான்.

இரண்டாவது விரல் பொறுக்கும் சூடு, 40 டிகிரியை ஒட்டி. ஒரு கரண்டி உறைமோரில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றன. பால் ஆறுவதற்குள் அவசரப்பட்டு ஊற்றினால் அவை மாண்டுபோகும். நன்றாக ஆறவிட்டால் சோம்பிக் கிடக்கும். மார்கழியில் தயிர்ப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி வைப்பது அவற்றுக்குக் குளிராமல் இருக்கத்தான். அவை பாலிலுள்ள லாக்டோஸ் சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலமாக்குகின்றன. கேசின் உருண்டைகள் மின்சுமையால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பவை. பாலின் பி.எச். அளவு 6.6இலிருந்து 4.6ஐ நெருங்கும்போது அந்தச் சுமை அற்றுப்போகிறது. உருண்டைகள் ஒன்றோடொன்று கோத்து வலையாகின்றன. தண்ணீர் அந்த வலைக்குள் சிறைப்படுகிறது. உறையும்போது பாத்திரத்தை ஆட்டக்கூடாது என்பது அந்த வலை அறுந்துவிடாமல் இருக்கத்தான்.

மூன்றாவது குளிர்ச்சி. வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை நமக்குத் தெரியும். தாழி உடையாமலே வெண்ணெய் திரளாமல் போவதும் உண்டு; அதற்குக் காரணம் வெயில். பாலின் கொழுப்பு மெல்லிய சவ்வு போர்த்திய சிறு துளிகளாக இருக்கிறது. குளிர்ச்சியில் துளிக்குள் கொழுப்பு ஒரு பகுதி உறைந்தும் ஒரு பகுதி இளகியும் இருக்கும். மத்து சுழலும்போது சவ்வு கிழிந்து, இளகிய பகுதி பசையாகித் துளிகளைச் சேர்க்கிறது. வெயில் ஏறினால் எல்லாம் இளகி மோரோடு போய்விடும். விடியலில் கடைவதும், கோடையில் குளிர்ந்த நீர் விடுவதும் இதற்காகவே. மத்து கனக்கத் தொடங்கினால் வெண்ணெய் கூடுகிறது என்று கைக்குத் தெரிந்துவிடும்.

நான்காவது நெய்யின் சூடு. வீட்டு வெண்ணெயில் கொழுப்போடு நீரும் கொஞ்சம் மோரும் கலந்திருக்கும். உருக்கும்போது அந்த நீர் ஆவியாகிற ஓசைதான் சடசடப்பு. நீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். நீர் தீர்ந்ததும் விறுவிறுவென்று ஏறும். அப்போது மோரில் வந்த புரதமும் சர்க்கரையும் சேர்ந்து சிவக்க, நெய்மணம் எழும். ஆனால் அந்தச் சிவப்புக்கும் கருகலுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அடுப்பை அணைத்த பிறகும் அடிகனமான பாத்திரம் சூட்டை விடாது. அதனால் சத்தம் முழுக்க அடங்கச் சற்று முன்பே, முருங்கைக்கீரையைப் போட்டு இறக்கிவிடுகிறார்கள் கைப்பக்குவம் தெரிந்தவர்கள்.