6 வோல்ட்டில் ஒரு தீப்பொறி

நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்களுக்குத் தீப்பொறி தேவையில்லை. சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும்போது எழும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அமெரிக்காவில் 1947 முதல் 1952 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான ஃபோர்டு 8என் அப்படியல்ல. அது பெட்ரோல் வண்டி. சாம்பல் நிற பானெட்டும் சிவப்பு எஞ்சினுமாக இன்னும் பல பண்ணைகளில் புல் வெட்டிக்கொண்டிருக்கிறது. கிழடானாலும் இரும்பு கெட்டி. மக்கர் செய்வது பெரும்பாலும் இக்னிஷன்தான்: ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், எஞ்சின் மட்டும் பிடிக்காது.

அம்பாசடரோ பத்மினியோ வைத்திருந்தவர்களுக்கு இதன் உறுப்புகள் புதிதல்ல. பாயின்ட், கண்டென்சர், காயில், ரோட்டார், பிளக். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் 1910-ஐ ஒட்டி உருவாக்கிய ஏற்பாடு இது. பேட்டரி தருவது 6 வோல்ட். பிளக் முனையில் பொறி தாவ வேண்டுமானால் பல ஆயிரம் வோல்ட் வேண்டும். காயிலுக்குள் தடித்த கம்பி சில நூறு சுற்றுகளும், மெல்லிய கம்பி பல்லாயிரம் சுற்றுகளும் சுற்றப்பட்டிருக்கின்றன. பாயின்ட் என்னும் தொடர்புமுனை மூடியிருக்கும்போது தடித்த கம்பியில் கரன்ட் ஓடிக் காந்தப்புலம் உருவாகிறது. பொறி அப்போது வராது. பாயின்ட் விலகி, கரன்ட் அறுபடும் கணத்தில்தான் வரும். வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிர்கிறதே, அந்த மாதிரி. சரியும் காந்தப்புலம் மெல்லிய சுற்றில் பெரிய வோல்ட்டேஜை எழுப்பிவிடுகிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்றில் ஓடும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் இது விநாடிக்கு அறுபது தடவைக்கு மேல் நடக்கிறது.

ஆகவே பழுது பார்ப்பவர் கவனிக்க வேண்டியவை இரண்டு: கரன்ட் ஒழுங்காக ஓடுகிறதா, ஒழுங்காக அறுபடுகிறதா. புதுப் பிளக், புது காயில் என்று கடைக்குப் பறப்பதற்குமுன் ஒரு வோல்ட் மீட்டரை எடுத்துக்கொள்வது நல்லது.

8என்-இன் முதல் சில ஆண்டு வண்டிகளில், பாயின்ட் அடங்கிய டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் முன்முகத்தில், ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கை நுழைவதே பாடு. சதுரமான காயில் அதன் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். காயிலின் மேல்முனையில் மீட்டரின் ஒரு முனையையும், எஞ்சின் இரும்பில் மறுமுனையையும் வைத்து, சாவியைப் போட்டு எஞ்சினை மெல்லச் சுற்ற வேண்டும். பாயின்ட் திறந்திருந்தால் 6 வோல்ட் காட்டும். மூடினால் ஏறக்குறைய பாதியாக இறங்கும். எவ்வளவு சுற்றினாலும் 6-லேயே நின்றால் கரன்ட் ஓடவில்லை: பாயின்ட் முகத்தில் களிம்பு ஏறியிருக்கலாம், எங்கோ தொடர்பு விட்டிருக்கலாம். இறங்கியது ஏறாவிட்டால் கரன்ட் அறுபடவில்லை: பாயின்ட் திறக்கவில்லை, அல்லது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் போகும் செம்புப் பட்டை இன்சுலேஷன் தேய்ந்து உடம்பில் உரசுகிறது. ஊசி அசையாமல் பூஜ்யத்தில் கிடந்தால் காயில்வரை கரன்டே வரவில்லை. சுவிட்சையும், வழியிலுள்ள ரெசிஸ்டரையும் பார்க்க வேண்டும். இவ்வளவையும் ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றாமல் தெரிந்துகொள்ளலாம்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் முதல் சந்தேகம் பாயின்ட் மேல்தான். பார்வைக்குப் பளபளப்பாகவே இருக்கும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமே 6 வோல்ட்டைத் தடுக்கப் போதும். புது பாயின்டிலும் துருவுக்காகப் பூசிய எண்ணெய் இருக்கலாம். வெள்ளைத் தாளை நடுவில் செருகி, தாள் கறுக்காமல் வரும்வரை இழுத்தால் தீர்ந்தது. உப்புத்தாள் போடுபவர்களும் உண்டு. அதன் துகள் பாயின்டில் பதிந்துகொண்டு அடுத்த வம்பை இழுக்கும். பாயின்ட் திறக்கையில் கரன்ட் இடைவெளியைத் தாண்டாமல் வாங்கிக்கொள்வது கண்டென்சர். அது செத்தால் பொறி பிளக்கில் விழாமல் பாயின்டிலேயே எரியும். ஒரு முகத்தில் குழியும் எதிர்முகத்தில் மேடும் தெரிந்தால் கண்டென்சரையும் மாற்றிவிடுவதுதான் புத்திசாலித்தனம்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் வைத்து, பொறி வருகிறது என்று திருப்திப்படுவது போதாது. 1889-இல் ஜெர்மானியர் பாஷென் காட்டியபடி, சாதாரணமாகக் காற்றழுத்தம் கூடக்கூட அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்ட்டேஜ் வேண்டும். வெளியே சிரிக்கும் பிளக் சிலிண்டரின் நெருக்கத்தில் மூச்சுவிடாமல் போகலாம். பிளக் வயரை இரும்பிலிருந்து 5, 6 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து, நீலப்பொறி சட்டென்று தாவுகிறதா என்று பார்ப்பதே உருப்படியான சோதனை.

அரைமணி ஓடி நின்று, ஆறியபின் மறுபடி கிளம்பினால் காயில் மீது சந்தேகம் விழும். சூட்டில் உள்ளிருக்கும் இன்சுலேஷன் விட்டுக்கொடுக்கிறது. காயிலைச் சூடேற்றுபவர் பல சமயம் ஓட்டுபவரே: எஞ்சின் நின்றபின் சாவியை அணைக்க மறந்தால், மூடிய பாயின்ட் வழியாகக் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு வேடிக்கை, இந்த வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த். பழக்கதோஷத்தில் நெகட்டிவை எர்த்தில் கொடுத்து, காயில் இணைப்பை அப்படியே விட்டால் பொறி வரத்தான் செய்யும். ஆனால் தாவக் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்படும்.

1950-இல் டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் பக்கவாட்டுக்கு மாறியது. பாயின்ட் இடைவெளியும் மாறியது: முன்பக்கத்துக்கு 0.015 அங்குலம், பக்கவாட்டுக்கு 0.025. ஒன்றின் இடைவெளியளக்கும் கேஜை இன்னொன்றில் வைத்தால் பாயின்ட் மூடியிருக்கும் நேரமும், கரன்ட் அறுபடும் கணமும் சேர்ந்தே பிசகும். கேஜை எடுக்குமுன் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட வேண்டும்.